நடு ஆற்றில் ஓர் ஆள்

தேசத்தின் முதல் தலைக்கணக்கு அன்று பொழுது சாய முடிகிறது. ஆற்றின் இரு கரை ஊர்களிலும் தலா சரியாக நூற்றுப்பன்னிரண்டு பேர். தலை கூடிய ஊருக்குத்தான் பள்ளிக்கூடம் என்று பேச்சு. மிச்சமிருந்தது பச்சியண்ணன் ஒருவன்தான். எந்த ஊரும் குடிசை போட இடம் தராததால் பரிசலிலேயே வாழ்கிறவன். எந்தக் கரையில் ஒதுங்குகிறானோ, அந்த ஊர்க்கணக்கில் சேருவான்.

“மாமோவ், இங்க வாங்க! கோயிலுக்குப் பக்கத்துலயே எடம் தர்றோம்!” என்று கிழக்குக் கரை கத்தியது.

“சித்தப்பா, அவனுகள நம்பாதீங்க! நாங்க வீடே கட்டித் தர்றோம்!” என்று மேற்குக் கரை துள்ளியது.

இத்தனை வருசமும் ‘டேய், பரிசலு’ என்பதை மட்டுமே கேட்ட உடம்பு சிலிர்த்தது. துடுப்பைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான். நடு ஆற்றில் பரிசல் மெல்லச் சுற்றியது.

“இன்னும் வெயில் இருக்குதுங்க,” என்று இரண்டு பக்கமும் பார்த்துக் கூவினான். “இன்னொருக்கா கூப்பிடுங்க!”