இரண்டு உரசு

ஓர் இணையதளத்தில் கைக்குழந்தைக்கான உரைமருந்துக் குறிப்பு ஒன்று இருந்தது. அதற்குக் கீழே பின்னூட்டப் பெட்டி இருந்தது. ஒரு நாள் காலையில் தளக்காரர் பெட்டியைப் பூட்டிவிட்டார்.

"அப்பாடா, இனி யாரும் என்னைத் திட்ட மாட்டாங்க" என்றது குறிப்பு.

பெட்டிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "திட்டினது ரெண்டே பேர். அவங்களை மட்டும் நீக்கியிருக்கலாமே! ஜாதிக்காயைக் கல்லுல ரெண்டு உரசு உரசினா போதும், நீ சொல்ற மாதிரி ரெண்டு ஸ்பூன் கொடுத்தா பச்சப்புள்ள தாங்குமான்னு பனிமலர்னு ஒரு அம்மா நாலு தடவை கேட்டாங்களே, அவங்க வாயையும் சேர்த்து அடைச்சுட்டான் அந்த ஆளு! முதல்ல உன்னைத் திருத்தச் சொல்லு!"

"எதுக்குத் திருத்தணும்?" என்றது குறிப்பு. "காலையிலேர்ந்து நாலாயிரம் பேர் படிச்சிட்டாங்க. தப்புன்னு ஒருத்தராவது சொன்னாங்களா?"