பின்சீட்டுக்கு ஏத்த மோட்டரு

கமலவேணி தேங்கா மட்டைய ரெண்டு கையாலயும் பிடிச்சு, சுத்துற டயர் மேல வச்சு அழுத்துனா.

இன்னும் அழுத்துன்னு தலையாட்டுனாரு புருசன் கருணாகரன். இவளும் பல்லக் கடிச்சுக்கிட்டு அழுத்துனா.

சைக்கிளு ஸ்டாண்டுல நிக்குது, பின்சக்கரம் மட்டும் தரையில படாம சுத்துது. கீழ ரெண்டு லோரி பேட்டரி.

காஜா பேராங் ஊரே வேடிக்க பாத்த வண்டி அது. பெட்ரோல் வேணாம், புகையே வரக்கூடாது, பேட்டரியிலதான் ஓடணும், அதுலயும் செம்மண் மேடு ஏறணும்னு அந்த மனுசன் அடம் பிடிச்சாரு. பஸ் ஒர்க்‌ஷாப்புல வயரிங் பாக்குறவரு, அவருக்கு யாரு புத்தி சொல்றது.

ஏற்கனவே ஒரு மோட்டர மாட்டிப் பாத்தாச்சு. புக்கிட் பாரு தாண்டி ரப்பர் மரத்துக்குள்ள போற மேட்டுல பாதியிலயே கருகிப் போச்சு. மூணு மாச வேல. தள்ளிக்கிட்டே வீடு வந்து சேந்தாரு.

இப்ப ரெண்டு மோட்டரு வீட்டுக்கு வந்திருக்கு. இரும்புக்கடை சீன மொதலாளி தவுக்கேயோட கரண்டு காத்தாடிக்கு இவரு புதுசா கம்பி சுத்திக் குடுத்தாரில்ல, அந்த சந்தோசத்துல தவுக்கே குடுத்தது. ஒண்ண வச்சுக்க, இன்னொண்ண பன்னெண்டு மணிக்குள்ள கொண்டாந்துரு, சிங்கப்பூர் லோரி வந்து எல்லாத்தையும் அள்ளிட்டுப் போயிரும்னு சொல்லிட்டாரு.

இத விட்டா வேற கெடையாது. மெர்டேக்கா சுதந்திரக் கொடியேத்த மூணே வாரம். அதுக்குள்ள வண்டி அந்த மேட்ட ஏறி, தோட்டத்து ஆளுங்க குடியிருக்குற லயம் வரைக்கும் போயித் திரும்பணும். ஏன்னு கேட்டா மட்டும் வாயத் தொறக்க மாட்டாரு.

மொத மோட்டரு, பட்டாளத்து லோரிய ஸ்டார்ட் பண்றது. சுவிச்சப் போட்டதும் சக்கரத்துல கம்பியே கண்ணுக்குத் தெரியல.

பக்கத்து வீட்டுப் பொன்னம்மா வேலி மேல மோவாய வச்சுக்கிட்டு, இதுதான் எளவட்டம், இதையே எடுக்கச் சொல்லுடின்னா. கமலவேணிக்கும் அதுதான் மனசுல நின்னுச்சு.

மேடு ஏறுற கனத்தத் தாங்குதான்னு பாக்க மட்டைய அழுத்தி கொஞ்ச நேரம்தான் ஆச்சு. மோட்டர் மேல கைய வச்சவரு வெடுக்குன்னு எடுத்துட்டாரு. ஒரே காந்தல் வாட. லோரிய எழுப்பி விடறதோட இதுக்கு வேல முடிஞ்சிருச்சு, மேட்டுல கழுத்தறுத்துரும்னாரு.

ரெண்டாவது, துறைமுகத்துல மூட்ட இழுக்குற பேட்டரி வண்டியிலேருந்து கழட்டுனது. பலாப்பழம் கணக்கா கனம். கல்யாண வீட்டுல சம்பந்தியம்மா எந்திரிக்கிற மாதிரி மெதுவாத்தான் கெளம்புச்சு.

பொன்னம்மா சிரிச்ச சிரிப்புல வேலியே ஆடுச்சு.

ஆனா மட்ட தேஞ்சு நாரு பறக்குது, கமலவேணிக்கு தோள்பட்ட விட்டுப் போச்சு, சக்கரம் மட்டும் அசரல. கருணாகரன் கைய மோட்டர் மேல வச்சாரு. காய்ச்சக்காரப் புள்ளைக்கு நெத்தியத் தொட்டுப் பாக்குற மாதிரி, அப்படியே வச்சிருந்தாரு.

அப்புறம் இவள பின்சீட்டுல ஏறச் சொன்னாரு.

சீட்டுன்னா சும்மா சீட்டா. முதுகு சாயப் பலக, இலவம்பஞ்சு மெத்த, இடுப்புக்குத் தோல் வாரு. ராணிக்கு சிம்மாசனம்னு தெருவே கேலி பண்ணுச்சு. கமலவேணி வெளிய மொறச்சாளே தவிர உள்ளுக்குள்ள பூரிச்சுத்தான் போயிருந்தா.

என்னப் பிடிக்காத, கைய மடியில வச்சுக்கன்னாரு. இது என்ன கூத்துன்னு நெனச்சுக்கிட்டே அப்படியே உக்காந்தா.

வீட்டுக்குப் பின்னால இருக்குற செம்மண் சரிவுல வண்டி ஏறுச்சு. சத்தமே இல்ல. கல்லு, வேரு எல்லாத்தையும் பூன மாதிரி தாண்டுச்சு. குலுக்குதா, முதுகு வலிக்குதான்னு மூணு தடவ திரும்பிக் கேட்டாரு. கட்டிக்கிட்டு வந்த ஏழு வருசத்துல இப்படிக் கேட்டதே இல்ல மனுசன்.

உச்சிக்கு வந்ததும் மோட்டரத் தொட்டுப் பாத்துட்டு, இதுதான்னாரு.

கொடியேத்துற அன்னைக்கு பச்சப் பட்டுச் சேல கட்டிக்கிட்டு இதுலயே வரேன்னு கமலவேணி சொன்னா.

அவரு தலையக் குனிஞ்சுக்கிட்டாரு. நீ பொன்னம்மாவோட பஸ்ஸுல வந்துரு கமலான்னாரு.

இவளுக்கு மொகம் சுண்டிப் போச்சு.

அப்புறந்தான் ஒவ்வொண்ணாச் சொன்னாரு. அந்த லயத்துல சேதுராமன்னு ஒருத்தர் இருக்காராம். சொந்தபந்தம் கெடையாது. நெஞ்சு போயிருச்சு, பெட்ரோல் புக பட்டாலே ரத்தமா இருமுவாராம். வெரலு மடங்காது, எதையும் பிடிச்சுக்க முடியாது. கொடி ஏறுறத ஒரு தடவ கண்ணால பாத்துட்டாப் போதும்னு சொல்லிக்கிட்டே இருக்காராம்.

அவரு நமக்கு என்ன வேணும்னு கேட்டா கமலவேணி. கேட்டதுல கொஞ்சம் காரம் இருந்துச்சு.

கருணாகரன் காக்கிச் சட்டையில கையத் தொடச்சாரு. தொடச்ச கையையே திரும்பத் தொடச்சாரு.

"ஜப்பான்காரன் எங்களப் பிடிச்சுட்டுப் போயி சயாமுல ரயிலு ரோடு போட்டப்ப என் காலு அழுகிப் போச்சு. காட்டுலேருந்து ஆஸ்பத்திரிக் கொட்டாய் வரைக்கும் மூணு நாளு நட. அந்த மூணு நாளும் என் காலு தரையில படல, கமலா."

கமலவேணி இடுப்பு வார அவுத்துட்டு மெதுவா எறங்குனா.

கொடியேத்துற வரைக்கும் அவர எதுக்கு அங்க தனியா விடணும், நாளைக்கே போயிக் கூட்டிக்கிட்டு வந்துருங்கன்னு சொன்னா. முன்னறையில காத்து நல்லா வரும், அங்க படுக்கட்டும்.

அவருக்கு மீனு சேருமா, புளி சேருமான்னு மட்டும் இப்பவே சொல்லுங்கன்னா.