பட்டியலில் அடித்த பெயர்

பத்து மணிக்கு ஐந்து நிமிடம் இருந்தது. மேடைத் திரையில் இன்னும் யாரும் வரவில்லை.

கணினியை இயக்குபவர் மூன்றாவது முறையாக அழைத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். தலைமைப் பேச்சாளரின் கைபேசி அணைக்கப்பட்டிருந்தது.

அரங்கில் முந்நூறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். மாநாட்டை ஏற்பாடு செய்தவள் மட்டும் நின்றுகொண்டிருந்தாள்.

அலுவலகத்தில் அவளுக்குக் 'கறார்' என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை. ஆனால் அவளுக்குத் தெரியும். அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு.

எட்டு மாதம் எல்லோரோடும் மல்லுக்கட்டி, குப்பையும் புகையும் இல்லாமல் அவள் நடத்தும் மாநாடு இது. தண்ணீர் பாட்டில் ஒன்றுகூடக் கிடையாது. குழாயும் கண்ணாடித் தம்ளரும்தான். வாசலில் தொங்கிய துணிப் பதாகையில் வருடம் போடவில்லை, அடுத்த வருடமும் ஆகுமே என்று. விளக்குகளை அணைத்து ஜன்னல்களைத் திறந்துவைத்ததும் அவள்தான்.

விமானம் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஒரு பகல் ரயில் தூரத்தில் இருப்பவர்கள் நேரில் வரலாம். அதற்கும் அப்பால் இருப்பவர்கள் திரையில் பேசலாம்.

மாதங்களுக்கு முன்பே விமானப் பயணப் பட்டியலில் பதினோரு பெயர்களை மளமளவென்று அடித்தாள். தலைமைப் பேச்சாளரின் பெயரில் மட்டும் பேனா சற்று நின்றது.

பிறகு அதையும் அடித்தாள். கடிதத்தையும் அவளே எழுதினாள், மற்றவர்களுக்கு எழுதியதைவிட ஒரு வரி குறைவாக.

இப்போது மேலாளர் அவள் காதருகே வந்து கடுகடுத்தார். "ஒரே ஒரு பிளேன் டிக்கெட். அதைப் போட்டிருந்தா இப்படி முழிச்சுக்கிட்டு நிப்போமா?"

இது சொதப்பினால் அடுத்த வருடம் பழையபடி பாட்டில்களும் விமானங்களும்தான். அவள் பேச்சை ஒருவரும் காதில் வாங்க மாட்டார்கள்.

வருத்தம் தெரிவிக்க மேடையேறி மைக்கை ஆன் செய்தாள்.

அந்த நேரம் பின்கதவு திறந்தது. கசங்கிய உடையும் கலைந்த தலையுமாக, தோளில் பையும் கையில் அணைந்துபோன கைபேசியுமாக ஒரு பெண் நடுவழியே விறுவிறுவென்று வந்தாள். யாரோ வழி தவறி வந்துவிட்டார்கள் என்று மேலாளர் தடுக்கப் போனார். அவள் அவரைச் சுற்றிக்கொண்டு மேடையேறிவிட்டாள்.

ஏறிய வேகத்தில் கறாரை இறுகக் கட்டிக்கொண்டாள். மைக் ஆனில் இருப்பதை இருவருமே மறந்துவிட்டார்கள்.

"பிளேன்ல வராதேன்னுதானே எழுதின? மூணு நாள் ரயில்ல வராதேன்னு எழுதலையேக்கா!"

முந்நூறு பேரும் சிரித்தார்கள். மேலாளர் இரண்டு முகங்களையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரே மூக்கு.

நான்கு வருடங்களாகத் திரையில் மட்டுமே பார்த்த அந்த முகத்தைக் கறார் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள்.

மாநாடு கால் மணி நேரம் தாமதமாகத் தொடங்கியது. ஏன் என்று யாரும் அவளைக் கேட்கவில்லை.