லாரிக்குள் ஒரு மிக்ஸி

"ஏனுங்க, லாரியில மிக்ஸி எதுக்குங்க?"

வனிதா போட்ட சத்தம் ஏற்காடு பஸ் ஸ்டாண்டில் பாதிப் பேருக்குக் கேட்டிருக்கும்.

அவள் புருஷன் கமலக்கண்ணன் எஸ்டேட்டில் காப்பிக்கொட்டை ஏற்றும் லாரிக்கு டிரைவர். காலையில் அடுப்படியில் இருந்த மிக்ஸியைக் காணோம். தேடி வந்தால், எலக்ட்ரீஷியன் செபாஸ்டின் பட்டறை முன் நின்ற லாரியில், டிரைவர் சீட்டுக்குப் பின்னால் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது.

"இன்வெர்ட்டர் மாட்டறோங்க்கா," சீட்டுக்கு அடியிலிருந்து தலையை நீட்டினான் செபாஸ்டின். "பேட்டரி கரண்டை ஊட்டு கரண்டா மாத்திக் குடுக்கும். சிகரெட் லைட்டர்ல சொருகினா, மிக்ஸி இழுக்கற இழுப்புக்கு ஃபியூஸ் போயிரும். அதான் பேட்டரியில இருந்தே தடி வயரு..."

"வயரைக் கேக்கலை தம்பி. எந்த மகராசிக்கு இவரு சட்னி அரைக்கப் போறாருன்னு கேக்கறேன்."

செபாஸ்டின் தலையை உள்ளே இழுத்துக்கொண்டான்.

"எனக்குத்தான். ஓட்டல் சோறு ஒத்துக்கலை," என்றான் கமலக்கண்ணன்.

"பத்து வருசமா ஒத்துக்கிச்சுங்களே?"

"இப்ப ஒத்துக்கலை."

"ஊட்ல ஒரு நாள் தேங்கா துருவிக் குடுத்திருப்பீங்களா? பெங்களூரு ரோட்டுல போயி சட்னி அரைக்கறாராம்!"

டீக்கடையில் இருந்தவர்கள் கிளாஸோடு எழுந்து வந்துவிட்டார்கள். வனிதா லாரியில் ஏறி மிக்ஸியைத் தூக்கினாள்.

"கண்ணு, தூக்கிராத!"

வந்தவர் தேவசிகாமணி. அதே லாரிக்கு இன்னொரு டிரைவர், மூத்தவர். லாரிக்குள் ஏறி, கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வாயை மூடியிருந்த துண்டை எடுத்தார். உள்ளே ஒரு பல்கூட இல்லை. பேச்சில் முக்கால்வாசி காற்று.

"ஐயோ, என்னாச்சுங்கண்ணா?"

"போன மாசம் மொத்தமாப் புடுங்கியாச்சு. செட்டு வெக்க இன்னும் ரெண்டு மாசம் ஆவுமாம். எதையும் மெல்ல முடியலை கண்ணு. வெறும் டீயைக் குடிச்சுட்டு ஓட்டினேன். கொண்டை ஊசி வளைவுல ஒருக்கா கண்ணு இருட்டிருச்சு. வெளிய தெரிஞ்சா மொதலாளி வண்டிய விட்டு எறக்கிருவாரு."

குரலைத் தாழ்த்தினார்.

"அந்த நேரம் பார்த்து, பாவம், உம் புருசனுக்கு வயித்துல புண்ணு! எதா இருந்தாலும் கூழாட்டம் அரைச்சுத்தான் திங்கோணும்னு டாக்டரு சொல்லிப்புட்டாராம். தனியாக் குடிக்க வெக்கமா இருக்குது, தொணைக்கு நீங்களும் குடிங்கண்ணான்னு கெஞ்சறான். சரி, சின்னப் பையன், அவனுக்காவ நானும் ஒத்துக்கிட்டேன்."

நேற்று மதியம் கோழிக்கறியில் எலும்பைக்கூட விட்டு வைக்காத புருஷனை வனிதா பார்த்தாள். அவன் வயரைப் பார்த்தான்.

மிக்ஸியை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"ஆமாங்கண்ணா, நொம்ப நாளாப் புண்ணுங்க," என்றாள். "ஊட்லயும் இவருக்குக் கறியைக் கண்ணுல காட்டறதே இல்லை. வெறுங்கஞ்சிதான்!"