ஏரிக்கரை அட்டை வீடுகள்

லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்சர் முதுகலையின் இறுதித் தேர்வு. மேசைமேல் மாணவி கெசியா செய்துவைத்திருந்த ஏரியின் மாதிரி வடிவம். கரையோர அட்டை வீடுகளைப் பேராசிரியர் பேனா முனையால் நெம்பி, அரிசியில் கல் பொறுக்குவதுபோல் ஒதுக்கினார்.

"இந்த ஆக்கிரமிப்பெல்லாம் எதுக்கும்மா? எடுத்துட்டா நடைபாதை எவ்வளவு பளிச்சுன்னு இருக்கு பாரு."

ஒரு வீடு உருண்டு அவருடைய டீ கப்பில் முட்டி நின்றது. கெசியா அதை எடுத்து, அடியில் ஃபெவிக்விக் பசையைப் பிதுக்கி, பழைய இடத்திலேயே வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினாள். அழுத்திக்கொண்டே நின்றாள்.

"கையை எடு. இல்லேன்னா பாஸ் போட மாட்டேன்."

"வராது சார். விரலும் சேர்ந்து ஒட்டிக்கிச்சு. இது எங்க வீடு. இப்ப நெம்புங்க, பாப்போம்."