தடுப்புக் கண்ணாடி

தொட்டியில் பெண் மீன் முட்டையிட்ட பிறகு ஆண் மீன் அதை ஓட ஓட விரட்டிக் கடித்தது. துடுப்பு கிழிந்து பெண் மீன் மூலையில் ஒடுங்கியது. செத்துவிடுமோ என்று பயந்த தையல்காரி, முட்டைகளைத் தாயின் பக்கம் விட்டு, தொட்டியின் குறுக்கே கண்ணாடித் தடுப்பை இடுக்கில்லாமல் பொருத்தினாள்.

குஞ்சுகள் நீந்தத் தொடங்கிய காலையில் கணவனைக் கூப்பிட்டாள்.

"என்னங்க, இங்க வந்து பாருங்களேன்!"

குஞ்சுகள் கூட்டமாகத் தடுப்பை ஊடுருவித் தகப்பனிடம் போயின. அது கடிக்காமல் அவற்றைச் சுற்றி மெல்ல வட்டமிட்டது. பிறகு அவை அதே வழியில் தாயிடம் திரும்பின.

"எங்கயாவது ஓட்டை இருக்கும்" என்று கணவன் தடவிப் பார்த்தான். கண்ணாடி முழுசாக இருந்தது.

அவள் நீருக்குள் கையைக் குறுக்கே நீட்டினாள். குஞ்சுகள் விலகவில்லை. உள்ளங்கையில் நுழைந்து புறங்கை வழியாக வெளியே வந்தன.

"வலிக்குதா?"

"இல்லங்க. சில்லுனு இருக்கு."

கணவன் சட்டைக் கையை மடித்துவிட்டு, அவள் கைக்குப் பக்கத்தில் தன் கையையும் வைத்தான்.