விழுகிற மோட்டார்

நிறுத்தி வைத்த மோட்டார் சைக்கிள் மறுபடியும் விழுந்தது.

இந்த வாரத்தில் மூன்றாவது தடவை. மூன்று தடவையும் பக்கத்து வீட்டு கேப்ரியலின் பூச்சட்டிகள் மேல்தான்.

"மிஸ்ஸி!" என்று அவர் போட்ட சத்தத்தில் குளுவாங் ஸ்டேசனில் ரயிலே நின்றிருக்கும். "வெளிய வந்து பாரு! இப்பத்தான் ஆர்க்கிட் மொட்டு விட்டுச்சு. அலமாக்! உன் உசரத்துக்கு இந்தக் குதிரை எதுக்கு லா? ஏணி வெச்சா ஏறுற?"

ஷர்மினிக்குப் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. போர்ச்சில் கார். மோட்டார் கேட்டுக்கு வெளியேதான் நிற்க வேண்டும்.

"மன்னிச்சுக்குங்க அங்கிள்."

"மன்னிச்சா மொட்டு ஒட்டிக்குமா? இன்னொரு தடவை விழட்டும். காலை வெட்டிப்புடுவேன்!"

யாருடைய காலை என்று அவர் சொல்லவில்லை.

ஷர்மினி நர்ஸ். அதனால்தான் அவருக்கு அவள் 'மிஸ்ஸி'. பாலோ ஊர்ப் பக்கம், எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டங்களுக்குள் போய், நடமாட முடியாதவர்களுக்குப் புண் கழுவிக் கட்டுகிற வேலை. மழை பெய்தால் அந்தச் செம்மண் பாதையில் கார் புதையும், ஸ்கூட்டர் வழுக்கும். அதனால்தான் தார் ரோட்டிலும் சேற்றிலும் ஓடுகிற உயரமான மோட்டாரைத் தேடினாள்.

அவளோ ஐந்தடியைத் தொடாதவள். கடை கடையாக ஏறி இறங்கினாள். எந்த வண்டியில் உட்கார்ந்தாலும் கால்விரல் நுனிதான் தரையில் பட்டது. "கூடை வெச்ச ஸ்கூட்டர் இருக்கு, பாக்குறீங்களா?" என்று சிரித்தான் ஒரு கடைக்காரன். அவள் சிரிக்கவில்லை. மனதுக்குப் பிடித்ததை வாங்கினாள். இருக்கையில் ஒரு பக்கமாக நகர்ந்து ஒற்றைக் காலை ஊன்றப் பழகினாள். சேற்றில் ஓட்டினாள். வண்டியில் ஒரு கீறல் இல்லை.

அதற்கப்புறம்தான் அவள் கணவன் செல்வாவுக்கு அக்கறை பிறந்தது. ஆறடி ஆள். நாலு வீடியோ பார்த்துவிட்டு, ஏதோ இரும்புப் பட்டையை வரவழைத்து மாட்டி, வண்டியின் உயரத்தையே இறக்கிவிட்டான்.

"இப்ப ரெண்டு காலும் ஊனும் பாரு!"

ஊன்றியது. அன்றிலிருந்துதான் விழ ஆரம்பித்தது.

"ஸ்டேண்டை முழுசா மிதிச்சுத் தள்ளணும் மினி. உன் காலுக்கு எட்டல. அதான் விழுது" என்றான் செல்வா.

"முழுசாத்தாங்க தள்ளுனேன்."

"அப்புறம் எப்படி விழும்? பேய் தள்ளுச்சா? வித்துரலாம். ஆள் பாத்துட்டேன், சாயங்காலம் வரான்."

"உள்தோட்டத்துல அய்யாவு தாத்தாவுக்குக் கால்ல சக்கரைப் புண்ணு. கட்டு மாத்தாம விட்டா காலையே எடுத்துருவாங்க. மழையில அங்க வேற எதுல போறது?"

"வேற நர்ஸ் போவட்டும். உயரமா இருக்கிறவங்க."

ஷர்மினி மருந்துப் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

அன்று கூட வேலை செய்பவளின் காரில் கிளம்பினாள். கேப்ரியல் பூச்சட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கித் தன் வீட்டின் அந்தப் பக்கச் சுவரோரம் கொண்டு போய்க்கொண்டிருந்தார்.

"நம்ம பொருளை நாமதான் காப்பாத்திக்கணும் லா" என்றார், அவள் காதில் விழும்படி.

சாயங்காலம் திரும்பியபோது, தெருமுனையிலேயே கிரைண்டர் சத்தம். வாசலில் தீப்பொறி பறந்தது.

மோட்டார் கேட் தூணில் சாய்ந்து கிடந்தது. பக்கத்தில் குந்தியிருந்தார் கேப்ரியல். ஸ்டேண்ட் துண்டு துண்டாகத் தரையில்.

"அங்கிள்! நெசமாவே வெட்டிட்டீங்களா?"

சத்தத்தில் தூக்கம் கலைந்த செல்வா பனியனோடு ஓடி வந்தான். "யோவ் பெருசு, மூளை இருக்கா? அடுத்தவன் வண்டியில கை வெக்கிற! போலீசைக் கூப்புடுறேன் பாரு!"

"கூப்புடு. அவங்க வர்றதுக்குள்ள ஒட்டி முடிச்சிருவேன்."

நடுவிலிருந்து வெட்டிய இரண்டு விரல் அகலத் துண்டை ஓரமாக எறிந்தார். மிச்சத்தைச் சேர்த்து வெல்டிங் வைத்தார். ஆறியதும் மாட்டி, வண்டியை நிறுத்தினார். இத்தனை நாள் விறைப்பாக நின்ற வண்டி, இப்போது வேலை முடிந்த ஆள் மாதிரி ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. கேப்ரியல் பிடித்து ஒரு உலுக்கு உலுக்கினார். ஆடியது. விழவில்லை.

"உடம்பை இறக்குனா ஸ்டேண்டையும் குறைக்கணும் தம்பி. இல்லாட்டி வண்டி நிமிந்து நிக்கும். லாரி போற காத்துக்கே அந்தப் பக்கம் சாயும். வண்டியைக் கெடுத்தது நீ. பேச்சு வாங்குனது இந்தப் பிள்ளை."

செல்வா குனிந்து, வெட்டி எறிந்த துண்டை எடுத்துப் பார்த்தான்.

"ரொம்ப நன்றி அங்கிள்" என்றாள் ஷர்மினி.

"உனக்காகவா செஞ்சேன்? என் பூச்சட்டிக்காக!" முகத்தைத் திருப்பிக்கொண்டு கிரைண்டர் ஒயரைச் சுற்ற ஆரம்பித்தார்.

ஷர்மினி வண்டிக்குப் பக்கத்தில் பார்த்தாள். அங்கே ஒரு சட்டிகூட இல்லை. காலையிலேயே எல்லாம் அந்தப் பக்கம் போய்விட்டன. இனி வண்டி நூறு தடவை விழுந்தாலும் அவருடைய செடியில் ஒரு இலை உதிராது.

செல்வாவின் போன் அடித்தது. வண்டி வாங்க வருகிற ஆள். ஷர்மினியே பிடுங்கிப் பேசினாள்.

"விக்கல அண்ணே. நாளைக்கு நான் தோட்டத்துக்குப் போவணும்."

"நின்ன எடத்துல விழற வண்டின்னு சொன்னாரே உங்க வீட்டுக்காரர்?"

"இப்ப விழாது. சரி பண்ணியாச்சு."

"அதுக்குள்ளயா? எந்தக் கடையில?"

"கடை இல்லண்ணே. தினமும் என்னைத் திட்டுறதுக்குன்னே ஒருத்தர் இருக்காரு, பக்கத்து வீட்டு கேப்ரியல் அங்கிள்."